பொத்தான் எங்கே இருக்க வேண்டும்?

ஒரு பலகைக் கணினி வாங்கக் கடைக்குச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலகைக் கணினி என்பது வேறொன்றுமில்லை; கடைகளில் 'டேப்' என்கிறார்களே, அந்த டேப்லெட்தான். கடைக்காரரிடம் என்னென்ன கேட்பீர்கள்? திரை எத்தனை அங்குலம்? நினைவகம் எவ்வளவு? காமிரா எப்படி? ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? விலை என்ன? இவற்றிற்கெல்லாம் அட்டைப் பெட்டியின் மேலேயே விடை அச்சிடப்பட்டிருக்கும்.

அந்தப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அச்சிடப்படாத செய்தி ஒன்று உண்டு. பொத்தான்கள் எங்கே இருக்கின்றன? சார்ஜர் முனையைச் செருகும் துளை எந்த விளிம்பில் இருக்கிறது? அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாருடைய கையை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார்?

இவை அற்பக் கேள்விகள் என்று எண்ணிவிடாதீர்கள். நினைவகத்தின் அளவை ஆண்டில் இரண்டு முறை நினைத்துப் பார்ப்போம். பொத்தானையோ ஒரு நாளில் நூறு முறை தொடுகிறோம். நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்திற்கும் இசைக் கச்சேரிக்கும் விமர்சனம் எழுதுகிறோம். நம் கையில் நாள் முழுதும் இருக்கும் பொருளுக்கும் ஒரு விமர்சனம் வேண்டாமா? இக்கட்டுரையில் அதைத்தான் செய்து பார்க்கப் போகிறோம்.

விமானம் கற்பித்த பாடம்

விமர்சனம் என்றால் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் நமக்குக் கிடைப்பது தொலைபேசியிலிருந்தன்று, போர் விமானத்திலிருந்து.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விந்தையான விபத்து அடிக்கடி நிகழ்ந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது விமானி இறக்கை மடல்களை உள்ளிழுக்க நினைத்து, சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார்! விமானம் வயிற்றால் தரையில் தேய்ந்து நிற்கும். இதற்கு 'விமானியின் தவறு' என்று பெயரிட்டு ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

1943இல் அல்போன்ஸ் சாப்பனிஸ் என்ற இளம் உளவியலாளர் இதனை ஆராய்ந்தார். விமானியை அன்று, விமானி அமரும் அறையை அவர் பார்த்தார். சக்கரத்தை இயக்கும் விசையும் மடலை இயக்கும் விசையும் ஒரே வடிவத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன ஒருவரின் கை இருட்டில் இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? சாப்பனிஸ் கண்ட தீர்வு மிக எளியது. சக்கர விசையின் நுனியில் சிறிய சக்கர வடிவத்தையும், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். கண்ணால் பாராமலே கை அறிந்துகொண்டது. இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கர விசையின் கைப்பிடி சக்கர வடிவிலேயே இருக்கிறது.

1947இல் பால் பிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் இருவர், விசைகளை இயக்குவதில் நேர்ந்த 460 'விமானித் தவறு'களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். அவற்றுள் பல, விசைகளின் இடமும் வடிவமும் சரியாக இல்லாமையால் விளைந்தவை என்று காட்டினார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் இதுதான்: ஒரே தவறைப் பலரும் செய்தால் அது அவர்களுடைய தவறன்று, பொருளின் தவறு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் காலத்துக் கருவிகளைப் பார்ப்போம்.

மேல் எது, கீழ் எது?

வானொலிப் பெட்டிக்கு மேல் உண்டு, கீழ் உண்டு. சுவர்க் கடிகாரத்திற்கும் உண்டு. பலகைக் கணினிக்கு உண்டா? படிக்கும்போது அதனை நெடுக்காகப் பிடிக்கிறோம். படம் பார்க்கும்போது கிடையாகத் திருப்புகிறோம். மேசைமேல் சாய்த்து வைக்கிறோம்; மடியில் கிடத்துகிறோம். நான்கு விளிம்புகளும் ஒவ்வொரு நேரத்தில் 'கீழ்' ஆகின்றன. திரையில் உள்ள எழுத்துகள் நாம் திருப்பும் பக்கமெல்லாம் தாமும் திரும்பிக்கொள்கின்றன. ஆனால் பொத்தானும் துளையும் திரும்ப மாட்டா. இதுவே பலகைக் கணினியை வடிவமைப்பவர் முன்னுள்ள உண்மையான சிக்கல்.

2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 680 கிராம். அதன் மின்னேற்றத் துளை குறுகிய விளிம்பின் நடுவில் இருந்தது. நெடுக்காகப் பிடித்தால் துளை கீழே வரும். கிடையாகப் பிடித்தால், துளையுள்ள விளிம்பைப் பிடிக்கும் உள்ளங்கைக்கு எதிரேயே கேபிள் வந்து முட்டும். நெடுக்காக மேசைமேல் நிறுத்த நினைத்தாலோ, கேபிளின் முனைமேலேயே கருவி நிற்க வேண்டியிருக்கும். சார்ஜ் ஏறும்போது கருவியைக் கையில் எடுக்கக் கூடாது என்பதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

2011இல் வந்த இரண்டாம் ஐபேட்டில் முன்புறக் காமிராவும் சேர்ந்தது. அதுவும் குறுகிய விளிம்பின் நடுவில்தான். கிடையாக வைத்து எதிரில் உள்ளவருடன் பேசினால் காமிரா பக்கவாட்டில் போய்விடும். நாம் திரையை நேராகப் பார்த்துப் பேசுவோம். மறுமுனையில் இருப்பவருக்கோ நாம் வேறெங்கோ பார்த்துப் பேசுவதுபோல் தோன்றும். பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பிள்ளைகள் திரை வழியே பாடம் கேட்டபோது இக்குறை பளிச்செனத் தெரிந்தது. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட்டில்தான் அந்தக் காமிரா நீண்ட விளிம்புக்கு இடம் மாறியது. ஒரு காமிரா சில அங்குலம் நகர 11 ஆண்டுகள்!

ஒலியளவுப் பொத்தானிலும் ஒரு வேடிக்கை உண்டு. நெடுக்காகப் பிடித்திருக்கும்போது, வலப்பக்கம் உள்ள இரு பொத்தான்களில் மேலுள்ளது ஒலியைக் கூட்டும், கீழுள்ளது குறைக்கும். இது இயல்பு. இப்போது கருவியை இடப்பக்கமாகத் திருப்புங்கள். வலது விளிம்பு மேல் விளிம்பு ஆகிறது. ஒலியைக் கூட்டும் பொத்தான் இடப்பக்கம் போய்விடுகிறது. ஆனால் திரையில் தோன்றும் ஒலியளவுக் கோடோ வலப்பக்கமாக நீளுகிறது! இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் வளர்கிறது. கை குழம்பாமல் என்ன செய்யும்?

2021இல் வந்த ஐபேட் மினி இச்சிக்கலை அழகாகத் தீர்த்தது. கருவியை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்று உள்ளே உள்ள உணர்கருவி அறியும். அதற்கேற்ப எந்தப் பொத்தான் கூட்டுவது, எது குறைப்பது என்பதை மென்பொருளே மாற்றிக்கொள்ளும். பொத்தான் நகரவில்லை, அதன் பொருள் நகர்ந்தது. மறு ஆண்டே மற்ற ஐபேட்களுக்கும் இவ்வசதி வந்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

நெம்புகோல் கணக்கு

இனித் துளையின் கதைக்கு வருவோம். பள்ளியில் விசையின் திருப்புத்திறனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். விசையின் அளவை, அது செயற்படும் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். கதவைக் கீலருகே தள்ளினால் திறப்பது கடினம்; கைப்பிடியருகே தள்ளினால் எளிது. அதே விதிதான் இங்கும்.

500 கிராம் எடையுள்ள ஒரு பலகைக் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் செயற்படும் ஈர்ப்பு விசை ஏறத்தாழ 5 நியூட்டன். சார்ஜர் முனை துளையிலிருந்து வெளியே 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. கருவியைச் சாய்த்து வைக்கும்போது அதன் பாதி எடை, அதாவது 2.5 நியூட்டன், அந்த முனையின் கோடியில் பக்கவாட்டாக அழுத்துகிறது என்போம். திருப்புத்திறன் 2.5 நியூட்டன் × 0.02 மீட்டர் = 0.05 நியூட்டன் மீட்டர். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும்.

ஆனால் துளைக்குள் நுழைந்திருக்கும் பகுதியின் நீளம் 6 அல்லது 7 மில்லி மீட்டர்தான். வெளியே நீண்ட கை, உள்ளே குறுகிய கை. இது ஒரு நெம்புகோல். 0.05ஐ 0.006ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 8 நியூட்டன்! வெளியே கொடுத்த விசை உள்ளே மூன்று மடங்காகிவிட்டது. இது சும்மா சாய்த்து வைத்தால். கேபிளோடு கீழே விழுந்தால் விசை இன்னும் பல மடங்காகும். அதைத் தாங்க வேண்டியது எது? யு.எஸ்.பி.-சி துளைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். அதன் தடிப்பு 1 மில்லி மீட்டருக்கும் குறைவு. அதன் பின்னே மின்சுற்றுப் பலகையில் ஈயப் பற்றினால் ஒட்டிய நுண்ணிய கால்கள் இருக்கின்றன.

பழுது பார்க்கும் கடைக்குச் சென்றால் 'சார்ஜிங் பின் போய்விட்டது' என்பார்கள். 'கேபிளை இழுத்து இழுத்துப் பயன்படுத்தியிருப்பீர்கள்' என்றும் சேர்த்துச் சொல்வார்கள். மறுபடியும் விமானியின் தவறு! கிடையாகப் பிடித்துப் படம் பார்ப்பதற்கென்றே விற்கப்படும் கருவியில், கிடையாகப் பிடித்தால் கை படும் இடத்தில் துளையை வைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். துளையின் உள்ளமைப்பைப் பொறுத்தவரை பொறியாளர்கள் நன்றாகவே சிந்தித்திருக்கிறார்கள். எந்தப் பகுதி முதலில் தேய வேண்டும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. விலை உயர்ந்த கருவியா, விலை குறைந்த கேபிளா? கேபிள்தான் தேய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் மைக்ரோ யு.எஸ்.பி.யிலும், 2014இல் இலக்கணம் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி.-சியிலும், அழுத்திப் பிடிக்கும் வில் உறுப்புகள் கேபிள் முனையில் வைக்கப்பட்டன. 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு இரண்டு முறை செருகினால் 5,000 நாள்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல்! ஆனால் இச்சோதனை நேராகச் செருகி நேராக எடுப்பதைப் பற்றியது. பக்கவாட்டில் நெம்புவதை எது தீர்மானிக்கிறது? துளை இருக்கும் இடம்தான். நல்ல துளையையும் கெட்ட இடம் கெடுத்துவிடும்.

இடம் தவறிய கருவிகள்

வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் காண்போம். இவை யாரையும் எள்ளி நகையாடுவதற்கல்ல; ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலாவது, 2003இல் நோக்கியா வெளியிட்ட என்-கேஜ். விளையாட்டுக் கருவியும் தொலைபேசியும் ஒன்றாக இணைந்த புதுமை அது. விளையாட வசதியாகப் பொத்தான்களை அகன்ற முகப்பில் வைத்தார்கள். பேசுவதற்கான ஒலிவாங்கியையும் காதில் வைக்கும் ஒலிபெருக்கியையும் மெல்லிய விளிம்பில் வைத்தார்கள். ஆகவே பேச வேண்டுமானால் தட்டையான அந்தக் கருவியைக் கத்திபோல் விளிம்பு காதில் படும்படி பிடிக்க வேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதுமட்டுமன்று, வேறு விளையாட்டுக்கு மாற வேண்டுமானால் மூடியைத் திறந்து, பாட்டரியைக் கழற்றி, உள்ளே இருக்கும் அட்டையை மாற்ற வேண்டும். விளையாட்டுக் கருவியில் அடிக்கடி செய்யும் வேலை அதுதானே! 2004இல் வந்த அடுத்த வடிவத்தில் இரண்டையும் திருத்தினார்கள். அடிக்கடி செய்யும் வேலை எதுவோ, அதற்கே முதலிடம் என்பது பாடம்.

இரண்டாவது, 2007இல் அமேசான் நிறுவனம் வெளியிட்ட முதல் கிண்டில் என்னும் மின்னூல் கருவி. பக்கம் திருப்பும் பொத்தான்கள் இரு விளிம்பிலும் நீளமாக அமைந்திருந்தன. எளிதில் எட்டும் என்பது நோக்கம். மிக எளிதில் எட்டியதுதான் தொல்லை. கையில் எடுத்தாலே பக்கம் திரும்பிவிடும். 2009இல் வந்த இரண்டாம் கிண்டிலில் பொத்தான்களைச் சிறிதாக்கினார்கள். உட்புறமாக அழுத்தினால் மட்டுமே இயங்கும்படி செய்தார்கள். பிடிக்கும் இடம் வேறு, அழுத்தும் இடம் வேறு என்பது பாடம்.

மூன்றாவது, 2015இல் ஆப்பிள் வெளியிட்ட மேஜிக் மவுஸ் 2. கணினி மேசைமேல் நகர்த்தும் இந்தச் சுட்டியின் சார்ஜ் துளை அதன் வயிற்றில், அடிப்புறத்தில் இருக்கிறது. சார்ஜ் ஏற வேண்டுமானால் அதைக் கவிழ்த்துப் போட வேண்டும். அந்நேரத்தில் பயன்படுத்த முடியாது. இரண்டு நிமிடம் சார்ஜ் செய்தால் ஒன்பது மணி நேரம் உழைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. இந்தச் சமாதானத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இருந்தாலும், முன்புறம் துளை வைத்தால் வளைவின் அழகு கெடும் என்பதற்காகவே இப்படிச் செய்தார்கள் என்ற குறை இன்றும் நீங்கவில்லை. 2024இல் துளையை யு.எஸ்.பி.-சியாக மாற்றினார்கள், இடத்தை மட்டும் மாற்றவில்லை.

நான்காவது, அதே 2015இல் அதே நிறுவனம் வெளியிட்ட எழுதுகோல், ஆப்பிள் பென்சில். அதன் பின்முனை மூடியைக் கழற்றினால் செருகும் முனை தெரியும். அதை ஐபேட்டின் துளைக்குள் செருகினால் சார்ஜ் ஏறும். ஏறத்தாழ 17 செ.மீ. நீளமுள்ள கோல் ஒன்று கருவியிலிருந்து ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கும்! மேலே போட்ட நெம்புகோல் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். 17 செ.மீ.க்கு எதிரே 7 மில்லி மீட்டர்; இருபது மடங்குக்கும் மேல். யாராவது கடந்து போகும்போது முழங்கை பட்டால் போதும். 2018இல் வந்த இரண்டாம் பென்சில், காந்தத்தால் நீண்ட விளிம்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டது. நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் நெம்புகோலே என்பது பாடம்.

உள்ளே நடக்கும் இடப் போட்டி

'இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் விமர்சிப்பவர் மறுபக்க நியாயத்தையும் எடை போட வேண்டும்.

ஒரு பலகைக் கணினியைத் திறந்தால் பெரும்பகுதி பாட்டரிதான். எஞ்சிய ஓரத்தில் மின்சுற்றுப் பலகை, ஒலிபெருக்கிகள், காமிரா, ஆன்டெனா ஆகியவை இடத்திற்குப் போட்டியிடுகின்றன. உலோகம் வானொலி அலையை மறைக்கும். ஆகவே ஆன்டெனா இருக்கும் இடத்தில் உலோகத்திற்கு இடைவெளி விட வேண்டும். மின்னேற்றத் துளை வழியே மின்சாரம் மட்டுமன்றித் தகவலும் வேகமாகச் செல்கிறது. மின்சுற்றுப் பலகையிலிருந்து அது தொலைவில் இருந்தால் செலவு கூடும். ஹெட்போன் துளையோ ஆழமானது. அதன் முனை ஏறத்தாழ 14 மில்லி மீட்டர் உள்ளே போகிறது. பொத்தான்கள் மட்டும் சற்றுச் சுதந்திரமானவை. மெல்லிய நாடாவின் மூலம் அவற்றை எங்கும் கொண்டு செல்லலாம். ஒவ்வொரு துளையும் நீரும் தூசியும் நுழையும் வழி என்பதையும் மறக்கக் கூடாது.

இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் கடக்க முடியாத தடைகளா? 2018இல் ஏசஸ் நிறுவனம் ஆர்.ஓ.ஜி. போன் என்ற விளையாட்டுத் தொலைபேசியை வெளியிட்டது. வழக்கம்போல் அடியில் ஒரு துளை. அதோடு நீண்ட விளிம்பில் இன்னோர் இணைப்பும் வைத்தது. கிடையாகப் பிடித்து விளையாடும்போது கேபிள் கையில் இடிக்காமல் நடுவிலிருந்து கீழே தொங்கும். கை எங்கே இருக்கும் என்று கேட்டவர்கள் விடையும் கண்டார்கள். கேட்காதவர்களுக்குத்தான் தடைகள் பெரிதாகத் தெரிகின்றன.

யார்மீது பழி?

2010 ஜூனில் ஐபோன் 4 வெளிவந்தது. அதன் விளிம்பைச் சுற்றியிருந்த எஃகுப் பட்டையே ஆன்டெனா. இடப்பக்கக் கீழ்மூலையில் அப்பட்டையில் ஓர் இடைவெளிக் கோடு இருந்தது. பலர் தொலைபேசியைப் பிடிக்கும் இடம் அதுவே. உள்ளங்கை அந்தக் கோட்டை மூடினால் அலையின் வலு குறைந்தது. அந்த மூலையை மூடும்படி பிடிப்பதைத் தவிர்க்குமாறுதான் நிறுவனத்தின் முதல் அறிவுரை அமைந்தது. கருவிக்கு ஏற்பக் கையைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம்! எதிர்ப்பு வலுத்த பின், ஜூலையில் உறைகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

இதில் சிரிப்பதற்கு மட்டும் இடமில்லை. 2016இல் இந்திய அரசு, கைப்பேசிகளில் ஆபத்துக்கால அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. எண் பொத்தான் உள்ள சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்துவது. திறன்பேசியில் மின்விசைப் பொத்தானை விரைந்து மூன்று முறை அழுத்துவது போன்ற வழிகளை அது கூறியது. ஆபத்தில் இருக்கும் ஒருவர் இருட்டில், பைக்குள்ளே கைவிட்டு, திரையைப் பாராமல் உதவி கேட்க வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். அப்போது பொத்தானின் இடம் வசதி பற்றிய பேச்சா? உயிர் பற்றிய பேச்சு.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் விசைப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு செல்லும் வசதி வந்தது. பையில் கிடக்கும்போதும் கையில் எடுக்கும்போதும் அப்பொத்தான் தானே அழுந்தியது. 2023 ஜூனில், தவறான அவசர அழைப்புகள் பெருகிவிட்டன என்று பிரிட்டனின் காவல்துறைத் தலைவர்கள் மன்றம் எச்சரிக்க நேர்ந்தது. எளிதில் எட்ட வேண்டும். தானே அழுந்தக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பொத்தானை வைப்பது எளிய வேலையன்று. ஆனால் அதுவே வடிவமைப்பவரின் வேலை.

இன்னும் சிலரை எண்ணுங்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். பார்வையற்றோர் கையால்தான் பார்க்கிறார்கள். பழைய எண் பொத்தான் கைப்பேசியில் 5இன் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்குமே, நினைவிருக்கிறதா? அந்தச் சிறு புள்ளியைத் தொட்டு மற்ற எண்களையெல்லாம் விரல் கண்டுபிடித்துவிடும். சாப்பனிஸின் சக்கர வடிவக் கைப்பிடிக்கு நெருங்கிய உறவு அது. வழவழப்பான விளிம்பில், ஒரே தட்டையில், ஒன்றுபோல் அமைந்த பொத்தான்கள் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். விரலுக்கு அவை ஊமை.

என் தீர்ப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் தொலைபேசிகளுக்கும் பலகைக் கணினிகளுக்கும் யு.எஸ்.பி.-சி துளை கட்டாயம். ஆளுக்கொரு சார்ஜர் என்ற குழப்பம் இதனால் குறையும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் சட்டம் துளையின் வடிவத்தைத்தான் தீர்மானித்திருக்கிறது, இடத்தைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கவும் முடியாது. இடம் என்பது சட்டம் போட்டு வருவதன்று. கேள்வி கேட்டு வருவது.

மொத்தத்தில் இன்றைய பலகைக் கணினிக்கு நான் தரும் தீர்ப்பு இது. திரைக்கும் வேகத்திற்கும் உயர்ந்த மதிப்பெண் தரலாம். பொத்தான்களில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. காமிரா தாமதமாகவேனும் சரியான இடத்திற்கு வந்துகொண்டிருக்கிறது. துளையில் மட்டும் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை. நான்கு பக்கமும் திரும்பும் கருவிக்கு ஒரே ஒரு துளை, அதுவும் குறுகிய விளிம்பின் நடுவில் என்பது தொலைபேசியிலிருந்து சிந்திக்காமல் எடுத்துக்கொண்ட பழக்கம். அடுத்தடுத்த இரு விளிம்புகளில் ஒவ்வொரு துளை வைத்தால் எப்படிப் பிடித்தாலும் ஒன்றாவது கைக்கும் மேசைக்கும் ஒதுங்கி இருக்கும். ஒரு துளை கெட்டால் முழுக் கருவியும் குப்பைக்குப் போகும் நிலையும் மாறும். விலை சற்றுக் கூடலாம். ஆயினும் ஒரு புதுக் கருவியின் விலையைவிட அது குறைவுதான்.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது நான்கு சோதனைகள் செய்து பாருங்கள். ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு, ஒலியைக் கூட்டும் பொத்தானை விரலால் கண்டுபிடிக்க முடிகிறதா? இரண்டு: நெடுக்காகவும் கிடையாகவும் பிடித்துப் பாருங்கள்; கை படும் இடத்தில் பொத்தான் தானே அழுந்துகிறதா? மூன்று: சார்ஜர் முனையைச் செருகிக்கொண்டு மடியிலும் மேசையிலும் வையுங்கள், முனை எதன்மீதாவது இடிக்கிறதா? நான்கு: இடக்கைக்கு மாற்றி இவை அனைத்தையும் மீண்டும் செய்யுங்கள்.

கடைக்காரர் வியப்போடு பார்க்கலாம். பார்க்கட்டும். அட்டைப் பெட்டியில் அச்சிட்டதை மட்டும் கேட்பவருக்கு, அச்சிட்டது மட்டுமே கிடைக்கும். உங்களில் சிலர் நாளை பொறியியல் படித்து இத்தகைய கருவிகளை வடிவமைக்கவும் கூடும். அப்போது வரைபலகையில் முதல் கோட்டைப் போடுமுன் ஒரு மனிதக் கையை வரைந்துகொள்ளுங்கள். பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தக் கையே சொல்லிவிடும்.